அஷாபி கட்டிப்போட்ட அரண்மனை ஆடு

இலுகேரே சந்தை முக்கில் அகாரா வடை சுடும் அஷாபியிடம், "இது நேத்து மாவா?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு அவன் வேறு தெரு வழியாகத்தான் வேலைக்குப் போனான். அவள் வாயில் விழ விரும்பாதவர்கள் காசை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சட்டியில் எண்ணெய் காய்வதற்கு முன்னால் அவள் முகம் காய்ந்துவிடும் என்று பக்கத்துக் கடை மிளகாய்க்காரி மோரியாமோ சொல்வாள். ஆனாலும் விடிந்தால் அந்த முக்கில்தான் கூட்டம். மசூதியிலிருந்து திரும்புகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள், வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் கை அகாராதான் வேண்டும். காராமணியை ஊறவைத்துத் தோலுரித்து, மிளகாயும் வெங்காயமும் சேர்த்து அரைத்துச் செம்பனை எண்ணெயில் போட்டெடுத்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. தொட்டுக்கொள்ளச் சோளக் கூழ் ஒரு கிண்ணம். இதற்காக நாலு வசவு வாங்கினால் குற்றமில்லை என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

கோபம் அவளுக்கு அப்பன் வழிச் சொத்து. அப்பா ராஃபியு ஒரு காலத்தில் லாரி ஓட்டினார். அஷாபி சிறுமியாக இருந்தபோது ஒரு பக்ரீத்துக்கு வடக்கே லோடு ஏற்றப் போனவர் அங்கிருந்து ஒரு கிடாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பண்டிகைக்கு முந்தின நாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அரண்மனை வாசலுக்குள் நுழைந்துவிட்டது. அந்த ஊரில் அரண்மனைக்குள் போனது அரண்மனைக்கு. ராஃபியு வாசலிலேயே பொழுது சாயும் வரை நின்றார். கடைசியில் உள்ளிருந்து ஒருவன் வந்து, ஒரு தொடைக் கறியை வாழையிலையில் சுற்றி அவர் கையில் வைத்து, "கபியேசி உனக்குக் குடுத்தாரு. கும்பிட்டு வாங்கிக்கோ" என்றான்.

தன் கிடாவின் தொடையைத் தானே கும்பிட்டு வாங்க வேண்டும்! ராஃபியு அதை வாசற்படியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அந்தப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ராஜாவை ஊரார் கூப்பிடும் 'கபியேசி' என்ற சொல்லுக்கு, கேள்வி கேட்க ஆளில்லாதவர் என்று அர்த்தம். "ஏன் ஆளில்ல? நான் கேட்பேன்!" என்று ராஃபியு கத்துவார். வீட்டுக்குள்ளிருந்துதான் கத்துவார். திருவிழாவில் ராஜா குதிரையில் போகும்போது ஊரே வாசலில் மண்டியிடும். ராஃபியு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவை அலறவிடுவார். மனைவி இறந்த பிறகு அந்தக் கோபத்தைக் கேட்க மகள் ஒருத்திதான் மிஞ்சினாள்.

அவளுக்குத் தனியாகவும் ஒரு கோபம் சேர்ந்தது. இலோரினில் உதிரிபாகக் கடை வைத்திருந்த ஒருவனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். ஒருநாள் அவள் கடைவீதிக்குப் போய்விட்டுத் திரும்பினால், அவள் அடுப்பில் வேறொரு பெண் குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். "உனக்குத் தங்கச்சி மாதிரி வச்சுக்கோ" என்றான் புருஷன். இரண்டாவது மனைவி கட்டுவது அங்கே புதிதில்லை. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அஷாபிக்கு. குழம்பைத் தரையில் கவிழ்த்துவிட்டுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பிறந்த ஊருக்கு வந்துவிட்டாள். அந்தக் கல்யாணம் அதோடு முறிந்தது. அதன் பிறகு அகாரா, எண்ணெய், வசவு என்று வருடங்கள் ஓடின.

அரண்மனை ஆடுகளுக்குக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அவை சந்தையில் எதில் வேண்டுமானாலும் வாய் வைக்கலாம். விரட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. கீரைக்காரிகள் சிவப்புத் துணியைக் கண்டால் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் அஷாபி விறகைத் தள்ளிவிடக் குனிந்த நேரம், ஒரு சிவப்புத் துணி அவளுடைய காராமணிப் பாத்திரத்தில் கழுத்து வரை இறங்கிவிட்டது. விடிவதற்கு முன்னாலிருந்து உட்கார்ந்து உரித்த காராமணி.

அஷாபி அதன் கொம்பைப் பிடித்தாள். சந்தை அப்படியே நின்றது.

"யக்கா, வேணாம்! அது அரண்மனை!" என்று மோரியாமோ அலறினாள்.

"அரண்மனைன்னா கல்லு, மண்ணு. இது ஆடு." இடுப்பில் சுற்றியிருந்த துணியைக் கிழித்து ஆட்டை மேசைக் காலில் கட்டினாள்.

சேதி பறந்தது. சிவப்புக் குல்லாயும் பித்தளைக் கம்புமாக அரண்மனைத் தூதர் சாலாகோ மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஏ பொம்பள! அது யாரு ஆடுன்னு தெரியுமா?"

"தெரியும். எங்க ஆடு."

"என்னது?"

"அரண்மனைக்குள்ள போன ஆடு அரண்மனைக்குன்னா, என் பாத்திரத்துக்குள்ள போன ஆடு எனக்கு. சட்டம் ஒண்ணுதானே? ஒரு தொட வேணும்னா குடுத்தனுப்புறேன். கும்பிட்டு வாங்கிக்க."

சாலாகோ கம்பைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனார். ஒரு பெண்ணின் மேல் கை வைக்க அவருக்கு உத்தரவில்லை; இப்படி ஒரு பதிலுக்கு என்ன செய்வதென்றும் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முழங்கால் வரைக்குமான கால்சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒருவன் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆட்டைப் பார்த்தான், பாத்திரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஆட்டுக்காக வந்தேங்க."

"நீதான் ஆட்டுக்காரனா?"

அவன் யோசித்தான். "இப்போதைக்கு நான்தாங்க."

"அப்ப வா. அரண்மனைச் சோறு தின்னு தின்னு ஆட்டை அவுத்துவிட்டுட்டுத் தூங்குவே. இங்க ஒருத்தி கோழி கூவுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நகம் தேய உரிக்கிறா. உனக்கென்ன? உங்க ராஜாவுக்கென்ன? கால்ல புண்ணு வந்து படுத்துக் கிடக்குறாராமே. ஊரு வயித்தெரிச்சல் சும்மா விடுமா?"

அவன் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு, "நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றான்.

"உக்காரு. இன்னொரு பாத்திரம் ஊறுது. உரி."

அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காராமணியை ஒவ்வொன்றாக எடுத்து, கல்யாண மோதிரத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தான்.

"அப்படி உரிச்சா உன் பேரன்தான் அகாரா தின்னுவான். ரெண்டு உள்ளங்கையிலயும் வச்சுக் கசக்கு. தோலு மேல மிதக்கும், தண்ணியோட வடி. ஐயோ, பருப்பையும் சேத்து வடிக்கிறியே! உங்கம்மா உனக்கு என்னதான் கத்துக் குடுத்தா?"

"எங்கம்மாவுக்குச் சமையக்கட்டுக்குள்ள போக அனுமதி இல்லீங்க."

இதென்ன பதில் என்று அவள் நிமிர்வதற்குள் சாலாகோ திரும்பி வந்துவிட்டார். பாத்திரத்துக்குள் இருந்த கைகளைப் பார்த்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார்.

"இளவரசே! கைய எடுங்க! ஐயோ, கைய எடுங்க!"

ராஜாவின் மூன்றாவது மனைவிக்குப் பிறந்த அடெலானி அவன். சிறு வயதிலேயே இபாதானுக்குப் படிக்கப் போய், அங்கே மின்சாரத் துறையில் வேலை பார்த்து, அப்பாவின் கால் புண்ணுக்காக அந்த மாதம்தான் ஊர் திரும்பியிருந்தான். அவன் முகம் சந்தைக்குத் தெரியாது. இப்போது தெரிந்ததும் சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் மண்டியிட்டார்கள். அஷாபியின் முழங்காலும் பழக்கத்தில் மடங்கப் பார்த்தது. கோபம் அதை நிமிர்த்தியது.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. ஆட்டுக்காரனான்னு மட்டும்தான் கேட்டீங்க."

'நீ' என்று தொடங்கியதை 'நீங்க' என்று மாற்றினால் பயந்ததாகிவிடும். அவள் பாத்திரத்தைக் காட்டினாள். "இன்னும் பாதி கிடக்கு. உரி."

அவன் உரித்தான். சாலாகோ எழுந்திருக்கவும் தெரியாமல் படுத்திருக்கவும் முடியாமல் மண்ணிலேயே கிடந்தார்.

உரித்து முடித்ததும் அவள் ஆட்டை அவிழ்த்துவிட்டாள். மறுநாள் அவன் வரிசையில் நின்று அகாரா வாங்கினான். அதற்கடுத்த நாளும் வந்தான். அவள் திட்டினாள், அவன் ஏதோ பரிசு வாங்கியவனைப் போலப் பொட்டலத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனான். அந்த வாரக் கடைசியில் மறுபடியும் ஆடு வந்தது. மறுபடியும் அதைக் கட்டினாள், அவனை உட்காரவைத்து உரிக்கச் சொன்னாள். அதற்கடுத்த வாரமும் அதே ஆடு.

"யக்கா, அந்த ஆடு தானா வரல" என்றாள் மோரியாமோ. "தேவாலயத்துச் சந்துல போய்ப் பாரு."

அஷாபி மண்ணெண்ணெய்க் கடை ஓரமாக நின்று எட்டிப் பார்த்தாள். சந்தில் இளவரசன் ஆட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். ஆடு நாலு காலையும் தரையில் ஊன்றி, வரமாட்டேன் என்று நின்றது. அதற்குக் காராமணி அலுத்துவிட்டதோ, மேசைக்கால்தான் அலுத்துவிட்டதோ.

"ராஜா, ஒரே ஒரு வாய்டா. தின்னுட்டு வந்துடலாம். என் கண்ணுல்ல" என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பு வந்ததே என்ற ஆத்திரம் அதற்கு மேல் வந்தது. ஜல்லிக்கரண்டியோடு சந்துக்குள் நுழைந்தாள்.

"வெக்கமா இல்ல? என் உழைப்பத் திங்கறதுக்கு ஆளு தேடிக் கூட்டிட்டு வர்றியா?"

அடெலானி கயிற்றை விட்டுவிட்டான். ஆடு ஓடிப்போயிற்று.

"மன்னிச்சுக்குங்க. திட்டு வாங்கறதுக்கு வேற வழி தெரியல."

"என்னது?"

"அரண்மனையில நான் தப்பு செஞ்சா வேற யாராவது அடி வாங்குவாங்க. 'அடெ'ன்னா கிரீடம்; இபாதான் ஆபீஸ்ல, என் பேருல அது இருக்குன்னு தெரிஞ்சதும் மேனேஜரே எந்திரிச்சு நிப்பாரு. சிரிச்சு சிரிச்சே எல்லாரும் என்னைச் சுத்திப் போயிடுவாங்க. நீங்கதான் நேரா என் மேல வந்து மோதினீங்க. எங்கப்பா கால் புண்ணப் பத்தி நீங்க சொன்னப்ப எனக்கு வலிச்சுது. ஆனா பொய்யில்லாத ஒரு வார்த்தை கேட்டு எவ்ளோ நாளாச்சுன்னும் தோணுச்சு."

"திட்டுத்தான் வேணும்னா எங்கப்பாகிட்ட போ. வருஷக்கணக்கா சேத்து வச்சிருக்காரு" என்றாள். அவளுக்கு முகம் சுட்டது. எண்ணெய்ச் சூடு என்று நினைத்துக்கொண்டாள். அடுப்போ ஒரு தெரு தள்ளி இருந்தது.

அன்றைக்கு மாவில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டாள். வாங்கியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மோரியாமோ மட்டும் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இளவரசருக்குக் கடல் தண்ணி புடிக்குமோ?" என்றாள். அவள் மேல் ஒரு வெங்காயம் பறந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அவன் கேட்டுவிட்டான். மாவு மில்லின் இரைச்சலுக்கு நடுவில், அவள் காதருகே கத்திக் கேட்டான். "கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" அவன் வாய் மூடவும் மில் நிற்கவும் சரியாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"அரண்மனை மருமக அடுப்பு வைக்கக் கூடாதாம். எனக்கு அடுப்பு வேணும்" என்றாள் அவள்.

"வெளியில வீடு எடுப்போம்."

"இன்னொருத்தியக் கொண்டாந்து தங்கச்சின்னு சொன்னா, இந்தத் தரம் குழம்பத் தரையில ஊத்த மாட்டேன். தலையில ஊத்துவேன்."

"சரிங்க."

"எங்கப்பா வாசலுக்கு வந்து, எல்லா மாப்பிள்ளையும் மாதிரி நெஞ்சு தரையில படப் படுத்துக் கும்பிடணும்."

இதற்கும் "சரிங்க" என்றான். யோசிக்காமல் சொன்னான். அதுதான் பிற்பாடு வினையாயிற்று.

ராஃபியு முதலில் ரேடியோவை அலறவிட்டார். அது ஓய்ந்ததும், "அரண்மனைப் பயலா?" என்றார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமில்லாத ஓரிடம் தெரிந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். "வரட்டும். இந்த மண்ணுல படுக்கட்டும். மத்தத அப்புறம் பாக்கலாம்" என்றார்.

பெண் கேட்கும் நாளில் முரசடித்துக்கொண்டு வந்தார்கள். வள்ளிக்கிழங்கு, பனை எண்ணெய், கோலா கொட்டை, தேன் எல்லாம் தட்டுத்தட்டாக இறங்கின. ராஃபியு புது அங்கி போட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அஷாபி நீல உடையும் பவளமுமாக உள்ளறையில் காத்திருந்தாள். கூட்டம் விலகியது. மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்திலிருந்து சாலாகோ முன்னால் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனியத் தொடங்கினார்.

"இது யாரு?" என்றார் ராஃபியு.

கூட வந்த அரண்மனைப் பெரியவர் தொண்டையைச் செருமினார். "அரச நெஞ்சு குடிமகன் வாசல் மண்ணுல படக் கூடாது. பழைய வழக்கம். இளவரசருக்குப் பதிலா சாலாகோ படுப்பாரு."

உள்ளறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது.

"அப்ப நான் சாலாகோவுக்கா வாக்கப்படணும்?" என்றாள் அஷாபி. "அவருக்கு ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்காங்க. மூணாவதா நானா?"

"தாயே, எனக்கு இடுப்பு வலி" என்றார் சாலாகோ, பாதிக் குனிவில்.

"எந்திரிங்க மாமா. உங்க மேல தப்பில்ல." மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "தட்டை எல்லாம் தூக்குங்க. ஒரு கிழங்கு இந்த வாசல்ல மிச்சம் இருக்கக் கூடாது. தூக்குங்க!"

அவர்கள் தூக்கினார்கள். அவளும் அவர்களோடு நடந்தாள். நீல உடையில், பவளத்தோடு, முரசு அடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தடுமாறிய முரசுக்காரர்களுக்கு முன்னால், அரண்மனை வாசலுக்குள் போனாள். கிடா போன பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவரும் கால் வைக்காத வாசல்.

கூடத்தில் கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி ராஜா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூத்த ராணி, ஓரமாக அடெலானி. அஷாபி முழங்காலிட்டாள், வயதுக்குக் கொடுக்க வேண்டியதை அவள் யாருக்கும் குறைத்ததில்லை. ஆனால் முழங்காலில் இருந்தபடியே அடெலானியைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவன் தலை குனிந்தது. "தெரியும். யாரு படுத்தா என்ன, கல்யாணம் நடந்தா போதும்னு நெனச்சேன்."

"யாரு படுத்தா என்னவா? நீ தப்பு செஞ்சா வேற யாரோ அடி வாங்குவாங்கன்னு நீதானே சொன்னே? இப்பக் கும்பிடறதுக்கும் ஆளா? நாளைக்கு எனக்குப் பிரசவ வலி வந்தா, கையப் பிடிச்சுக்க சாலாகோவ அனுப்புவியா?"

"இந்தப் பொண்ணுக்கு என்ன கோபம்?" என்று ராஜா மெதுவாகக் கேட்டார்.

"கபியேசி, ஒரு பக்ரீத்துக்கு எங்கப்பாவோட கிடா இந்த வாசலுக்குள்ள வந்துச்சு. வெள்ளைக் கிடா, ஒரு காது கறுப்பு. நீங்க சாப்பிட்டீங்க. ஒரு தொடைய எங்கப்பாவுக்கே பிச்சையாக் குடுத்தீங்க."

ராஜா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். மூத்த ராணி, "எத்தனையோ ஆடு வந்திருக்கும்" என்றாள்.

"நெனப்பில்லையேம்மா" என்றார் ராஜா. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அஷாபியால் தாங்க முடியவில்லை. அவள் அப்பா அந்தக் கிடாவைச் சுற்றியே ஒரு வாழ்க்கையை ஓட்டிவிட்டார். இங்கே அது ஒரு வேளைச் சாப்பாடு.

"அதுதான் எனக்குப் பொறுக்கல, கபியேசி. திருடன்கூட எங்க திருடினோம்னு நெனப்பு வச்சிருப்பான்."

கூடத்தில் யாரோ 'ஆ' என்றார்கள். அஷாபியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துக்கமில்லை, முழுக் கோபம். பவளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உத்தரவு கேட்காமல் நடந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது அடெலானி அரண்மனைப் பெரியவரிடம் ஏதோ சத்தமாகச் சொல்வது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் சுட்ட அகாராவைத் தின்னவே ஊர் பயந்தது. அத்தனை காரம்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ராஃபியு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாசலில் முரசில்லை, தட்டில்லை. அடெலானி நின்றிருந்தான். பக்கத்தில் அவனுடைய அம்மா, ராணி அவேரோ, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். தெருவில் நடந்து வெகு காலமாகிவிட்ட, சின்ன உருவமுள்ள பெண்.

"ஆடு கீடு கொண்டாந்திருக்கியா?" என்று ராஃபியு உறுமினார்.

"இல்லீங்க. கொண்டாந்தா கணக்கு முடிஞ்சுதுன்னு ஆயிடும். முடியல" என்றான் அடெலானி. பிறகு வெள்ளை உடையோடு, நெஞ்சும் நெற்றியும் மண்ணில் படப் படுத்தான்.

எழுந்திரு என்று சொல்ல வேண்டியது ராஃபியுவின் முறை. அவர் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து அவன் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கிடாவ நான் எங்க பார்த்தேன் தெரியுமா?" என்று தொடங்கினார்.

கிடா விற்றவன் பேச்சு, லாரியில் அது இருமியது, வழியில் டயர் பஞ்சரானபோது அது சாலையோரம் நின்று புல் மேய்ந்தது, செக்போஸ்ட்டில் போலீஸ்காரன் அதன் கொம்பைத் தடவியது என்று ஒன்றையும் விடவில்லை. தெரு கூடியது. மண்ணில் கிடந்தவனின் காதுப்பக்கம் எறும்பு வரிசை கட்டியது. அவன் அசையவில்லை. 'ம்' மட்டும் கொட்டினான். ராணி அவேரோவுக்கு யாரோ முக்காலி கொடுத்தார்கள். அவளும் உட்கார்ந்து கவனமாகக் கேட்டாள்.

செய்தி கேட்டு அஷாபி சந்தையிலிருந்து ஓடி வந்தாள்.

"பாபா! என்ன பண்றீங்க? எந்திரிக்கச் சொல்லுங்க!"

"பொறு. கிடா இன்னும் ஊருக்கே வந்து சேரல."

"வெயில்ல செத்துடுவான்!"

"நான் அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நின்னேன். நான் செத்தேனா?"

"நீங்க நின்னீங்க. இவன் படுத்துக் கிடக்கான். எறும்பு கடிக்குது!"

"கடிக்கட்டும்" என்றது மண்ணிலிருந்து ஒரு குரல். "சொல்லுங்க பாபா. செக்போஸ்ட் தாண்டியாச்சு. அப்புறம்?"

அவள் அவனைப் பார்த்துக் கத்தினாள். "நீ வாய மூடு! உன் மேல இருக்கற கோபம் எனக்கு இன்னும் தீரல! பெரிய தியாகியா நீ?" பிறகு அப்பாவைப் பார்த்து, "உங்களுக்குக் கதை கேக்க ஆளு கிடைச்சதும் மகளை மறந்தாச்சு!" என்றாள். அதற்குப் பிறகு திட்ட ஆள் கிடைக்காமல், கூடியிருந்த தெருவைத் திட்டினாள். கடைசியில் குனிந்து அவன் காதருகே போன எறும்புகளைத் தட்டிவிட்டுக்கொண்டு, கதை முடியும் வரை அங்கேயே குந்தியிருந்தாள்.

தொடைக் கறி இருந்த வாழையிலையைச் சொல்லும்போது ராஃபியுவின் குரல் நின்றுவிட்டது. அப்போது ராணி அவேரோ, "அந்த இலையச் சுத்தினது நான்தான் அண்ணா. அப்ப நான்தான் அரண்மனையில கடைசியா வந்த மனைவி. யாருக்கு, எதுக்குன்னு யாரும் எனக்குச் சொல்லல" என்றாள்.

ராஃபியு நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு குனிந்து அடெலானியின் தோளைத் தொட்டார். "எந்திரி. உன் அங்கி நாசமாப் போச்சு."

குடிமகன் வாசலில் படுத்தவன் இனி முடிக்கு ஆக மாட்டான் என்று அரண்மனைப் பெரியவர்கள் தீர்த்துச் சொன்னார்கள். அடெலானி சரியென்றுவிட்டான். கொதித்தது அஷாபிதான். "அவன் ராஜாவானா எனக்கு வேண்டாம், அது வேற. ஆனா லாயக்கில்லன்னு சொல்ல அவங்க யாரு?" என்று ஒரு மாதம் சந்தையில் நியாயம் கேட்டாள். தபால் ஆபீசுக்குப் பின்னால் தகரக்கூரை வீடு ஒன்று எடுத்தார்கள். அவன் ஊரில் மின்சாரக் கோளாறு பார்த்தான். விடிவதற்கு முன் காராமணி உரித்தான். இப்போதும் பருப்பையும் சேர்த்து வடிப்பான். அவளும் வழக்கம் போலத் திட்டுவாள்.

முதல் பெண் பிறந்து எட்டாம் நாள் பெயர் வைத்தார்கள். வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பெயர் கொடுத்தார்கள். ராஜாவும் சாலாகோவிடம் ஒரு பெயர் சொல்லி அனுப்பியிருந்தார்: அடெபோலா. கிரீடத்தின் செல்வத்தில் பங்குள்ளவள் என்று அர்த்தம்.

"யாரு கேட்டா இவரு பங்கை?" என்று இரண்டு நாள் சீறினாள் அஷாபி. குழந்தைக்கு வீட்டில் ராஃபியு வைத்த பெயர்தான். ஆனால் அது தவழத் தொடங்கி, அரண்மனை ஆடு மாதிரி மாவுப் பாத்திரத்தில் கையை விட்டு, எண்ணெய்ப் புட்டியை உருட்டி, அடுப்பை நோக்கி நகரும்போது, தெருவே கேட்கும்படி அவள் குரல் எழும்:

"அடெபோலா! அடியேய் அடெபோலா! வாடி இங்க!"